பழைய டியூப்லைட்டை என்ன செய்யலாம்?

கூடத்துக்கு ஒரு நான்கடி டியூப்லைட், சமையலறைக்கு ஒரு பல்ப். வாடகை வீடுகளில் பெரும்பாலும் வெளிச்ச ஏற்பாடு இவ்வளவுதான். எங்கள் கூடத்து டியூப்லைட் ஸ்விட்சைத் தட்டியதும் நான்கு முறை கண்சிமிட்டி, யோசித்துத்தான் எரியும். அதற்கு விடைகொடுக்கப் போனபோதுதான், கடையில் இத்தனை வழிகள் இருப்பது தெரிந்தது.

மலிவாகத் தோன்றியது, பழைய ஃபிட்டிங்கிலேயே எல்இடி டியூபை மாட்டுவது. ஆனால் எல்லா டியூபும் எல்லா ஃபிட்டிங்குக்கும் பொருந்தாது. சிலவற்றுக்கு ஸ்டார்ட்டரைக் கழற்றினால் போதும். சிலவற்றுக்குச் சோக்கையும் விலக்கி வயரை மாற்ற வேண்டும். அட்டைப்பெட்டியில் உள்ள படத்தைப் பார்க்காமல் மாட்டக் கூடாது. துருப்பிடித்த ஹோல்டர் என்றால் அதையும் மாற்ற வேண்டிவரும். எலெக்ட்ரீஷியன் கூலியைச் சேர்த்தால் மிச்சம் ஒன்றும் இராது.

அதற்குப் பதில் 20 வாட் எல்இடி பேட்டன். விளக்கும் ஃபிட்டிங்கும் ஒரே துண்டு. இரண்டு திருகு, இரண்டு வயர், வேலை முடிந்தது. 40 வாட் டியூபும் செம்புச் சோக்கும் சேர்ந்து 50 வாட்டுக்கு மேல் இழுக்கும். 30 வாட் மிச்சம் என்று வைத்தாலும், தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 9 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாத மின்கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே கூடிவிடும்; அந்த எல்லையை ஒட்டி நிற்கும் வீட்டில் அது சின்னத் தொகையல்ல. வெளிச்சம் குறையுமோ என்ற பயம் வேண்டாம். பழைய டியூப் தன் வெளிச்சத்தில் ஒரு பங்கைப் பின்சுவருக்கே கொடுத்துக்கொண்டிருந்தது. பேட்டன் முன்பக்கம் மட்டுமே வீசும். இதில் ஒரு குறையும் உண்டு: கூரை முன்பைவிட மங்கலாகத் தெரியும். ஒட்டடை தெரியாது என்பதால் எனக்கு அது குறையாகப் படவில்லை.

ஃபால்ஸ் சீலிங்கும் பேனல் விளக்குகளும் பார்க்க அழகுதான். ஆனால் உயரம் குறைந்த கூரையில் ஃபேன் இன்னும் தலைக்கு நெருங்கும். சில வருடம் கழித்து ஒரு விளக்கு போனால், அதே துளைக்குப் பொருந்தும் அளவு தேடி அலைய வேண்டும். வாடகை வீட்டில் அவ்வளவு பணத்தை அடுத்தவர் கூரையில் ஒட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

அந்தப் பணத்தின் ஒரு சிறு பங்கில் இன்னொரு வழி இருக்கிறது: மூலையில் ஒரு மேசை விளக்கு, அதில் 3000 கெல்வின் மஞ்சள் பல்ப். கூடத்தின் முகத்தையே மாற்றியது பேட்டன் அல்ல, இதுதான். நம் கடைகளில் கேட்காமலே கையில் கொடுப்பது 6500 கெல்வின் வெள்ளை. படிக்கவும் துணி மடிக்கவும் அது சரி. இரவு எட்டு மணிக்கு மேல் அது வீட்டை மருந்துக்கடை ஆக்கிவிடுகிறது. மேசை விளக்கு வாங்கும்போது ஹோல்டரை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பலவற்றில் திருகு ஹோல்டர். நம் வீட்டில் உதிரியாகக் கிடப்பவையோ பின் பல்புகள்.

ஜீரோ வாட் பல்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர்தான் ஜீரோ, உண்மையில் ஏறத்தாழ 15 வாட் தின்னும். அரை வாட் எல்இடி இரவு விளக்கு அந்த வேலையைச் செய்துவிடும்.

சமையலறையில்தான் நான் முதலில் ஏமாந்தேன். பல்பு முதுகுக்குப் பின்னால் இருப்பதால், மேடையில் எதை நறுக்கினாலும் அதன் மேல் என் நிழல். 9 வாட்டை 15 வாட் ஆக்கினேன். நிழல் இன்னும் அழுத்தமாக விழுந்தது. பிறகு அலமாரிக்கு அடியில் ஒட்டும் எல்இடி பட்டை வாங்கினேன். தாளிப்பு எண்ணெய்ப் புகையில் பசை இளகி, ஒரு நாள் சாம்பாருக்கு மேலே ஊஞ்சலாடியது. கடைசியில் அதே இடத்தில் இரண்டடி பேட்டன் ஒன்றைத் திருகி மாட்டினேன். இப்போது வெங்காயம் நறுக்கும்போது என் நிழல் எனக்குப் பின்னால் விழுகிறது.