ஃபைபர் லேண்ட்லைன் ரிவ்யூ: வாய்ஸ் சூப்பர், வீட்டு ஒயரிங் மட்டும் உங்க பாடு

பழைய காப்பர் லேண்ட்லைன ஃபைபருக்கு மாத்தி ஒரு மழைக்காலம் முழுசா ஓட்டியாச்சு, சரி இப்ப ரிவ்யூ போடலாம். திருச்சி வீடு, அதே 0431 நம்பரே வந்துருச்சு, அப்பாவுக்கு அது ஒண்ணு போதும். கம்பெனி பேரு போடல, ஏன்னா அக்கம்பக்கம் விசாரிச்சா வேற வேற கம்பெனிக்காரங்களும் இதே கதையத்தான் சொல்றாங்க.

வாய்ஸுக்கு அஞ்சுக்கு அஞ்சு. முன்னாடியெல்லாம் மழை பேஞ்சா போதும், லைன்ல கொரகொரன்னு சத்தம், எதிர்ல இருக்கறவங்க பேசறதே கேக்காது, இப்ப அந்தப் பேச்சே இல்ல.

இன்ஸ்டலேஷனுக்கு ரெண்டு, அதுவே அதிகம். வந்தவரு மோடத்த செவுத்துல மாட்டி, பின்னாடி டெல் போர்ட்ல ஒரு போன சொருகி டோன் வருது பாருங்கன்னு காட்டிட்டு கெளம்பிட்டாரு. மாடில ஒரு போன், அம்மா ரூம்ல ஒரு போன் இருக்கே, அதெல்லாம்னு கேட்டா "அது வீட்டு ஒயரிங் சார், அது எங்க வேலை இல்ல"ன்னுட்டாரு. சரிதான், ஆனா என்ன பண்ணனும்னாவது சொல்லிட்டுப் போகலாம்ல.

விஷயம் இதுதான். முன்னாடி டோன், 48 வோல்ட் கரண்ட், பெல் அடிக்கற பவர் எல்லாம் எக்ஸ்சேஞ்ச்லருந்து வந்துச்சு, இப்ப அது மூணையும் உங்க வீட்டு மோடமே குடுக்குது. அதனால டெல் போர்ட்லருந்து ஒரு ஆர்ஜே 11 ஒயர (சாதா போன் ஒயர்தான்) எடுத்து பக்கத்துல இருக்கற ரோசட் பாக்ஸ்ல (செவுத்துல போன் ஒயர் சேர்ற சின்ன டப்பா) குடுத்தா, பேரலல்ல, அதாவது அதே லைன்ல சேந்து இருக்கற எல்லா போனுக்கும் டோன் போயிரும். ஆனா அதுக்கு முன்னாடி, தெரு போஸ்ட்லருந்து வர்ற பழைய ட்ராப் ஒயர வீட்டுக்குள்ள நுழையற எடத்துலயே ரெண்டு கம்பியையும் கழட்டி விட்டுரணும். எக்ஸ்சேஞ்ச்ல இன்னும் லைன கட் பண்ணாம வச்சிருந்தா அந்த கரண்டும் மோடம் கரண்டும் மோதி போர்ட்டே போயிரும், செத்த லைனா இருந்தாலும் இடி மின்னல் அந்த ஒயர் வழியாதான் உள்ள வரும். இத ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க, எனக்கு செம்ம கடுப்பு இதுலதான்.

அப்புறமும் டோன் வரலன்னா மொதல்ல மோடத்துல போன் லைட் எரியுதான்னு பாருங்க. எரியலன்னா நம்பர் சர்வர்ல ரிஜிஸ்டரே ஆகல, வீட்ட நோண்டி பிரயோஜனம் இல்ல, கஸ்டமர் கேர்தான். லைட் எரியுது, மோடத்துல நேரா சொருகுன போனும் பேசுது, ரோசட்ல மட்டும் செத்துக் கெடக்குதுன்னா ஒயர்லதான் கோளாறு. நம்ம ஊர்ல ஒயர் ஒரு ரோசட்லருந்து அடுத்த ரோசட்டுக்கு அப்படியே தொடர்ந்து போகும், அதனால முதல் பாக்ஸ்ல அடுத்த பாக்ஸுக்குப் போற ஒயர கழட்டிட்டு டெஸ்ட் பண்ணுங்க, ஓகேன்னா திரும்ப மாட்டிட்டு அடுத்த பாக்ஸ் போங்க, எங்க நிக்குதோ அங்க பிடிச்சிரலாம். மல்டிமீட்டர் இருந்தா டிசில வச்சு பாக்கலாம், ரிசீவர் கீழ வச்சிருக்கறப்போ 48 பக்கம் காட்டும் (சில மோடம் கொஞ்சம் கம்மியா குடுக்கும்), ரிசீவர எடுத்தா பத்துக்கும் கீழ எறங்கிரும். எங்க வீட்டுல மாடிப்படி ரோசட்ட தெறந்தா உள்ள முழுக்க எறும்பு, ஸ்க்ரூவெல்லாம் பச்ச புடிச்சு கெடந்துச்சு, சொரண்டி புது கம்பி சீவி முறுக்குனதும் மாடி போன் வந்துருச்சு.

யாரு கூப்பிட்டாலும் பிசின்னே வருதா? எங்கயோ ரெண்டு கம்பியும் ஒட்டிக்கிட்டு இருக்கு, இல்ல ஏதோ ஒரு ரூம்ல ரிசீவர் சரியா வைக்கல. பேச முடியுது ஆனா பெல் மட்டும் ஈனஸ்வரத்துல அடிக்குதுன்னா போன் அதிகமாயிருச்சு, எக்ஸ்சேஞ்ச் மாதிரி அஞ்சாறு பெல்ல இந்த சின்ன மோடம் தாங்காது, ஒண்ணு ரெண்ட கழட்டுங்க. பழைய பிராட்பேண்ட் ஸ்ப்ளிட்டர் (காப்பர் லைன்ல போனையும் நெட்டையும் பிரிக்கற டப்பா) நடுவுல இருந்தா அதையும் தூக்கிருங்க, இனிமே அதுக்கு வேலையே இல்ல. டோன் வருது, நம்பர் போட்டா போகலன்னா போன் அடியில டி, பி-ன்னு ஒரு சுவிட்ச் இருக்கும், பி-ல இருந்தா டி-க்கு தள்ளுங்க, பி-ன்னா பல்ஸ், பழைய சுத்தற போன் மாதிரி டயல் பண்றது, பல மோடத்துக்கு அது புரியாது.

ஒயர் செவுத்துக்குள்ள பைப்ல மாட்டிக்கிட்டு அறுந்திருந்தா அத உருவற வேலையே வேணாம். ரெண்டு ஹேண்ட்செட் வர்ற கார்ட்லெஸ் வாங்கி, பேஸ மோடத்துல சொருகி இன்னொண்ண மாடில வச்சிருங்க, வீட்டு ஒயரிங்கே தேவப்படாது.

மைனஸ்னு சொன்னா கரண்ட் போனா போனும் போச்சு, காப்பர்ல இந்தப் பிரச்சினை கெடையாது. மோடம் அடாப்டர்ல எத்தன வோல்ட் போட்டிருக்குன்னு பாத்து (முக்காவாசி 12 வோல்ட்) அதே வோல்ட்ல ஒரு மினி யூபிஎஸ் (கரண்ட் போனா மோடத்துக்கு பவர் குடுக்கற சின்ன பேட்டரி பெட்டி) வாங்கிருங்க, கார்ட்லெஸ் வச்சிருந்தா அந்த பேஸுக்கும் கரண்ட் வேணும், அதையும் கணக்குல எடுத்துக்கங்க. அப்புறம் செல்லுக்கு கால் போகலன்னு கம்ப்ளெயிண்ட் குடுக்கறதுக்கு முன்னாடி நம்பருக்கு முன்ன 0 போட்டீங்களான்னு பாருங்க, 2021 ஜனவரி 15லருந்து எல்லா லேண்ட்லைனுக்கும் அது கட்டாயம், எங்க அப்பா இன்னும் ஃபைபர்தான் மோசம்னு சொல்லிட்டு இருக்காரு.