ஆட்டோவா, காரா, பெட் வேனா? கால்நடை ஆஸ்பத்திரிக்கு எதில் கொண்டுபோவது?

குமரி மாவட்டத்தில் நாய்க்கும் பூனைக்கும் டாக்டர் கிடைத்துவிடுகிறார். வண்டிதான் இழுத்தடிக்கிறது. நாயைப் பார்த்ததும் ஆட்டோக்காரர் "வேற சவாரி இருக்கு" என்று கிளம்பிவிடுவார். வாடகைக் காரென்றால் சீட்டில் முடி ஒட்டும் என்பார்கள். கடைசியில் எந்த வண்டி வருகிறதோ அதில் ஏற்றிவிடுகிறோம். கொஞ்சம் யோசித்து ஏற்றினால் நல்லது.

நாகர்கோவிலுக்குள், வடசேரியிலிருந்து கோட்டாறு வரை என்கிற மாதிரி தூரமென்றால் என் ஓட்டு ஆட்டோவுக்கு. காற்றோட்டம் உண்டு, நினைத்த இடத்தில் நிறுத்தலாம். ஆனால் இரண்டு பக்கமும் திறப்பு. பின்னால் பஸ் ஹாரன் அடித்தால் சாதுவான நாய்கூடத் துள்ளும். கழுத்துப் பட்டையில் மட்டும் கயிறு கட்டியிருந்தால், குதிக்கிற நாய் கழுத்து இறுகித் தொங்கும். நெஞ்சைச் சுற்றி மாட்டுகிற பெல்ட்தான் வேண்டும், கயிற்றையும் குட்டையாகப் பிடிக்க வேண்டும். பூனைக்கு அதுவும் போதாது. துணிப்பையில் போட்டு ஜிப்பைப் பாதி திறந்துவைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். கெட்டியான பிளாஸ்டிக் கூண்டு வாங்கி, நாலு நாள் முன்பே வீட்டுக்குள் திறந்து போட்டுவிட்டால் பூனை தானாகவே உள்ளே போய்ப் படுத்துப் பழகும். ஆட்டோவில் அதைக் காலிடுக்கில் வைத்து மேலே துண்டு மூடினால் பாதி சத்தம் அடங்கும்.

பைக் வேண்டாம். ஆரல்வாய்மொழிக் காற்றில் மடியில் கூண்டோடு போவது ஆபத்து.

பெரிய நாய்க்கும், மார்த்தாண்டம், குளச்சல் மாதிரி தூரங்களுக்கும் கார்தான். பின்சீட்டில் பழைய போர்வை, சீட் பெல்ட்டை நாயின் நெஞ்சுப் பெல்ட்டுக்குள் விட்டு மாட்டுவது, பக்கத்தில் வீட்டு ஆள் ஒருவர். டிக்கியில் போடலாம் என்று டிரைவர் சொன்னால் வேறு வண்டி பாருங்கள். பேரம் பேசும்போதே காத்திருப்பையும் பேசிவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் கூட்டம் இருந்தால் எத்தனை நேரம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அப்போதுதான் "நாய் வண்டியிலேயே இருக்கட்டும், டோக்கன் வந்ததும் இறக்கலாம்" என்பார்கள். வெளியே 24 டிகிரி இருந்தாலே மூடிய காருக்குள் பத்து நிமிஷத்தில் 34 ஆகிவிடும். நம் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். நாய் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். மூக்கு சப்பையான பக், ஷி சூ வகைகளுக்கு அதுவும் சரியாக வராது. ஏசி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் நாய் உங்களோடு மர நிழலில் நிற்க வேண்டும்.

அப்புறம் பெட் வேன், அதாவது வளர்ப்புப் பிராணிகளுக்கென்றே ஓடுகிற வேன். பெங்களூருவில் 2024-ல் 'ஊபர் பெட்' என்று செல்லப்பிராணியோடு போகிற டாக்சி வசதி வந்ததிலிருந்து இங்கேயும் பலருக்கு அந்த ஆசை. நம் பக்கம் அப்படிச் சொல்லிக்கொண்டு வருவது பெரும்பாலும் கூண்டு பொருத்திய ஆம்னியோ ஈக்கோவோதான். அது குறையில்லை. ஆனால் போனிலேயே கேட்க வேண்டியவை உண்டு. கூண்டு வண்டியோடு இறுகப் பிணைத்திருக்கிறதா? அதே டிரிப்பில் வேறு நாய் வருமா? எதைப் போட்டுக் கழுவுகிறீர்கள்? கடைசிக் கேள்விக்கு "பினாயில்" என்று பதில் வந்தால், தடுப்பூசி முடியாத குட்டியை அதில் ஏற்ற மாட்டேன். குட்டிகளுக்கு வாந்தியும் ரத்தக் கழிச்சலும் கொண்டுவருகிற பார்வோ வைரஸ் பினாயிலுக்குச் சாகாது, பிளீச் வேண்டும். மாதக்கணக்கில் அப்படியே கிடந்து தொற்றக்கூடிய வைரஸ் அது. நேற்று அந்த வேனில் போனதும் நோயாளி நாய்தானே!

நீங்கள் வர வேண்டாம், நாங்களே கொண்டுபோய்க் காட்டிக் கூட்டிவருகிறோம் என்பவர்களும் உண்டு. குளிப்பாட்டி முடி வெட்ட அனுப்பலாம். சிகிச்சைக்கு வேண்டாம். எத்தனை தடவை வாந்தி, கடைசியாக என்ன தின்றது என்று டாக்டர் கேட்டால் டிரைவர் என்ன சொல்வார்?

வெறும் தடுப்பூசிதான் என்றால் வீட்டுக்கு வருகிற டாக்டரைக் கேட்டுப் பாருங்கள், வண்டியே வேண்டாம். மாடு, ஆடு வைத்திருப்பவர்களுக்கு 1962 எண் இருக்கிறது. கால்நடை மருத்துவ ஊர்தி வீடு தேடி வரும்.

பெரிய சிகிச்சைக்கு மாவட்டம் தாண்ட வேண்டி வந்தால் திருவனந்தபுரமா, திருநெல்வேலியா என்று வரும். கிலோமீட்டர் கணக்கில் திருவனந்தபுரம் பக்கம். ஆனால் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று நெரிசலில் நின்று நின்று போக வேண்டும். வாந்தி எடுக்கிற நாய்க்கு அது நரகம். திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, காவல்கிணறு வழியாக நாலுவழிச் சாலை, வண்டி சீராக ஓடும். இரண்டு பக்கமும் டாக்டர் உண்டென்றால் நான் கிழக்கே திரும்புவேன். கேரளா போவதாக முடிவு செய்தால் டாக்சிக்கு அங்கே ஓட பெர்மிட் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள், தடுப்பூசிப் புத்தகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கமானாலும் கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடலாம், குட்டிகளுக்கும் சர்க்கரை நோய் உள்ளவற்றுக்கும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு.

அடிபட்ட பெரிய நாய்க்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. காருக்குள் மடக்கித் திணிப்பதைவிடக் குட்டியானை (டாடா ஏஸ் மாதிரி சின்ன சரக்கு வண்டி) நல்லது. பலகையில் மெல்ல நகர்த்திப் படுக்கவைத்து, பலகையோடு பின்னால் ஏற்றிவிடலாம். கூட ஒருவர் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும். வலியில் சொந்த நாயும் கடிக்கும், வாயை அகலத் துணியால் கட்டிவிடுங்கள். வாந்தியோ மூச்சுத் திணறலோ இருந்தால் மட்டும் கட்டக் கூடாது.