உருளும் சைட்ரான்ஸ் பேஸ்லைனுக்கு எந்த சிந்த்: சைலென்த்1, சீரம், வைட்டல்

சைட்ரான்ஸ் என்ற வேகமான நடன இசைக்குப் பேஸ்லைன், அதாவது அடியில் ஓடும் தாழ்ந்த சுர வரிசை, போட எந்த சாஃப்ட்வேர் சிந்த் (கணினிக்குள் ஒலியை உண்டாக்கும் மென்பொருள்) வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: எதையும் வாங்க வேண்டாம், வைட்டலை இறக்கிக்கொள்ளுங்கள். சைலென்த்1, சீரம் இரண்டையும் புழங்கிவிட்டுத்தான் இங்கே வந்து நின்றிருக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று முதலிலேயே தெரிந்துவிட்டால் மீதியைப் படிக்க வசதியாக இருக்கும்.

தெரிந்த சங்கதிகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சைலென்த்1 லெனர்டிஜிட்டல் நிறுவனத்தின் தயாரிப்பு, மூன்றில் மூத்தது, விலை 139 யூரோ. சீரத்தை 2014இல் ஸ்டீவ் டூடா வெளியிட்டார். நீண்ட காலம் 189 டாலருக்கு விற்றது, மாதம் 9.99 டாலர் கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளும் வழியும் இருந்தது. 2025இல் சீரம் 2 வந்தபோது பழையதை வைத்திருந்தவர்களுக்கு அதை இலவசமாகவே கொடுத்தார்கள். இந்தத் தொழிலில் அப்படி நடப்பது அபூர்வம். கீழே சீரம் என்று நான் சொல்வதெல்லாம் முதல் பதிப்பைத்தான், அதிகம் பழகியது அதில்தான். வைட்டல் 2020 நவம்பரில் மேட் டைட்டெல் வெளியிட்டது. காசு கொடுத்தால் பிரீசெட்டும் (தயார் ஒலி அமைப்பு) வேவ்டேபிளும் (அலை வடிவங்களின் தொகுப்பு) கூடுதலாகக் கிடைக்கும். ஒலியை உண்டாக்கும் இயந்திரம் இலவசப் பதிப்பிலும் அதேதான். பேஸ்லைன் போடுகிறவனுக்குப் பிரீசெட் எண்ணிக்கையால் ஆகப்போவது ஒன்றும் இல்லை.

ஏன் என்றால் இந்தப் பேஸின் செய்முறை அவ்வளவு எளிது. ஒரே ஒரு சா அலை (ரம்பப் பல் வடிவ அலை), உயர்ந்த அதிர்வுகளை வெட்டும் ஒரு லோபாஸ் ஃபில்டர், ஃபில்டரைச் சட்டென்று திறந்து மூட ஒரு என்வலப், ஒரு நேரத்தில் ஒரு நோட்டு மட்டும் ஒலிக்கும் மோனோ. தாளத்தில் ஒரு கிக் (தாழ்ந்த டிரம் ஒலி), அதன் பின்னால் அடியின் கால் பங்கு நீளமுள்ள மூன்று பதினாறாம் நோட்டுகள். அப்புறம் அடுத்த கிக், மறுபடி மூன்று. கோவா கடற்கரைகளில் வளர்ந்த இசையிலிருந்து பிரிந்து வந்த இந்த வகை, ஏழெட்டு நிமிடப் பாட்டு முழுக்க இதே வரிசையின் மேல்தான் ஓடுகிறது. மேலே என்னென்னவோ வந்து போகும், அடியில் இது மாறாது. இவ்வளவு எளிய ஒலியை எந்த சிந்தும் தரும் என்று தோன்றும். தரும்தான். ஆனால் நாலு பார் (ஒரு பார் என்பது நான்கு அடி) ஓடவிட்டுக் கேளுங்கள். ஒரு நோட்டு குத்துகிறது, அடுத்தது மழுங்குகிறது, மூன்றாவது கிக்கின் வாலோடு மோதி அமுங்குகிறது. ஈக்யூ போட்டுப் பார்ப்பார்கள், கம்ப்ரெஸர் போட்டுப் பார்ப்பார்கள். நோய் அங்கே இல்லை. அலையை உண்டாக்கும் ஆசிலேட்டரின் ஃபேஸில், அதாவது நோட்டு தொடங்கும்போது அலை எந்த இடத்தில் இருக்கிறது என்பதில் இருக்கிறது.

இந்த ஒப்பீட்டில் முடிவைத் தீர்மானித்தது இது ஒன்றுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வேகம் 140 பிபிஎம் (நிமிடத்துக்கு 140 அடி) என்றால் ஒரு பதினாறாம் நோட்டுக்குக் கிடைக்கும் நேரம் 107 மில்லி விநாடி. பேஸ் 49 ஹெர்ட்ஸ் ஜி சுரத்தில் இருந்தால் அலை ஒரு முறை ஏறி இறங்கவே 20 மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது. ஆக ஒரு நோட்டுக்குள் ஐந்து சுற்று. என்வலப் சீக்கிரம் மூடிவிடுவதால் உருப்படியாகக் காதில் விழுவது மூன்று, நான்கு. இவ்வளவு சின்ன நோட்டில் முதல் சுற்று எங்கே தொடங்குகிறது என்பதே நோட்டின் குணத்தைத் தீர்மானித்துவிடுகிறது. ஒரு முறை மேலே ஏறிக்கொண்டும் அடுத்த முறை கீழே இறங்கிக்கொண்டும் தொடங்கினால் அவை இரண்டும் வேறு வேறு நோட்டுகள்தான். மேலே மெட்டு வாசிக்கும் லீட் ஒலியில் இது யாருக்கும் தெரியாது, அங்கே ஒரு நோட்டுக்குள் நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஓடிவிடும். தாழ்ந்த சுரத்தில், குட்டையான நோட்டில் மட்டும்தான் இந்தத் தொல்லை. சைட்ரான்ஸ் பேஸ் இரண்டும் சேர்ந்தது.

சீரத்திலும் வைட்டலிலும் புதிதாக ஒரு ஒலி தொடங்கினால் ஃபேஸ் ராண்டம் (நோட்டுக்கு நோட்டு தொடக்க இடத்தைத் தாறுமாறாக மாற்றும் அமைப்பு) முழு அளவில் இருக்கும். நீண்டு படரும் பேடுக்கும் பல சா அலைகள் சேர்ந்த சூப்பர்சாவுக்கும் அதுதான் நல்லது, தயாரித்தவர்கள் மேல் குறை சொல்ல முடியாது. பேஸுக்கு அதைப் பூஜ்யத்துக்கு இறக்கியே ஆக வேண்டும். சைலென்த்1இல் கதை வேறு. ஆசிலேட்டருக்கு ஆசிலேட்டர் ரீட்ரிக் என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் ஒவ்வொரு நோட்டும் ஃபேஸ் குமிழ் காட்டும் இடத்தில் தொடங்கும். அழுத்தாவிட்டால் ஆசிலேட்டர் தன் போக்கில் போகும்.

தன் போக்கில் போவதில் ஒரு வேடிக்கை உண்டு. இடைவிடாமல் ஓடும் ஆசிலேட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். 140 பிபிஎம்மில் ஒரு அடிக்கு 428.6 மில்லி விநாடி. 49 ஹெர்ட்ஸ் ஜி அதற்குள் ஓடுவது கிட்டத்தட்டச் சரியாக 21 சுற்று. அதாவது ஒவ்வொரு அடியிலும் அலை தானாகவே பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. மூன்று நோட்டுகளும் தங்களுக்குள் கொஞ்சம் வேறுபட்டாலும் அடிக்கு அடி அதே வரிசை திரும்பத் திரும்ப வரும், காதுக்கு அது குரூவ் மாதிரியே கேட்கும். பாடலை அரை சுரம் இறக்கி எஃப் ஷார்ப்புக்குக் கொண்டுபோங்கள், 46.25 ஹெர்ட்ஸ். இப்போது அடிக்கு 19.8 சுற்று. ஒவ்வொரு அடியிலும் தொடக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டே போகும். ஜியில் நன்றாக இருந்த பேஸ் எஃப் ஷார்ப்பில் ஏன் தள்ளாடுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பார்க்கலாம்.

சரி, மூன்றிலும் ஃபேஸைப் பூட்ட முடியும் என்றால் வைட்டல் எப்படி முந்துகிறது? கண்ணுக்குத் தெரிவதால். வைட்டலின் மேல்பகுதியில் வெளியே போகும் ஒலியை நேரடியாக வரைந்து காட்டும் ஒரு ஆசிலோஸ்கோப் இருக்கிறது. ராண்டம் முழுதாக இருக்கும்போது பேஸ்லைனை ஓடவிட்டால் நோட்டுக்கு நோட்டு உருவம் மாறுவது தெரியும். பூஜ்யத்துக்கு இறக்கியதும் அதே உருவம் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. ஃபேஸ் எண்ணை நகர்த்தினால் நோட்டின் முகப்பு மட்டும் எப்படி மாறுகிறது என்று பார்த்துக்கொண்டே கேட்கலாம். கிக்கின் வால் எந்தப் பக்கமாக இறங்குகிறது என்று தெரிந்தால் பேஸின் முதல் சுற்றை அதற்கு ஏற்றபடி வைத்துவிடலாம். முதல் சீரத்தில் ஆசிலேட்டரின் அலை தெரியும், ஃபில்டரும் டிஸ்டார்ஷனும் கடந்து வெளியே வருவது தெரியாது. சைலென்த்1இல் அலையே தெரியாது. வெளியே ஒரு ஆசிலோஸ்கோப் பிளக்இன் போட்டு இதைச் சரிக்கட்டலாம்தான். எப்போதும் கண் முன்னால் இருப்பதற்கும், தேவைப்பட்டால் திறந்து பார்ப்பதற்கும் பழக்கத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

வைட்டலில் நான் அமைக்கும் விதம்: வெற்று பிரீசெட்டில் முதல் ஆசிலேட்டர் ஏற்கெனவே சா அலையில்தான் இருக்கும். யூனிசன் (ஒரு நோட்டுக்கு அடுக்கும் அலைப் பிரதிகள்) ஒன்று, வாய்ஸ் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் நோட்டுகள்) ஒன்று. ஃபேஸ் ராண்டம் பூஜ்யம். ஃபில்டர் 24 டெசிபல் அனலாக் வகை, கட்ஆஃப் (ஃபில்டர் வெட்டத் தொடங்கும் இடம்) நன்றாகத் தாழ்த்தி. இரண்டாம் என்வலப்பை இழுத்துக் கட்ஆஃப் மேல் போட்டு, டிகேயை (என்வலப் இறங்கும் நேரத்தை) நோட்டின் நீளத்துக்குள் அடக்கி, வளைவைக் கையால் உள்ளே குழிக்க வேண்டும். இந்தக் குழிவில்தான் ‘டக்’கும் ‘டும்’மும் பிரிகின்றன. கோரஸ் மாதிரி தன் போக்கில் அலையும் எஃபெக்ட் எதையும் போடாதீர்கள், பூட்டிய ஃபேஸ் வீணாகிவிடும். எல்எஃப்ஓ (ஒலியின் அமைப்புகளை மெதுவாக ஆட்டும் அலை) பயன்படுத்தினால் நோட்டுக்கு நோட்டு முதலிலிருந்து தொடங்கும்படி வையுங்கள். நோட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நடுவில் ஒரு சின்ன இடைவெளி விடுவதும் அவசியம்.

பூட்டு சரியாக விழுந்ததா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. 44.1 கிலோஹெர்ட்ஸ் (விநாடிக்கு 44,100 சாம்பிள்), 140 பிபிஎம் என்றால் ஒரு பதினாறாம் நோட்டு மிகச் சரியாக 4,725 சாம்பிள், மிச்சம் மீதி கிடையாது. இரண்டு பார் பேஸை ஆடியோவாக எடுத்து, இரண்டாவது பாரின் போலாரிட்டியைத் திருப்பி (அலையைத் தலைகீழாக்கி) முதல் பாரின் மேல் வையுங்கள். எல்லா நோட்டும் ஒன்றே என்றால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். சத்தம் மிஞ்சினால் எங்கோ ராண்டம் ஒளிந்திருக்கிறது. இந்தச் சோதனையை 145இல் செய்து ஏமாறாதீர்கள், அங்கே பார் முழு எண் சாம்பிளில் முடியாது, சிந்த் ஒழுங்காக இருந்தாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

சைலென்த்1இன் ஃபில்டருக்கு நியாயம் செய்ய வேண்டும். டிரைவை ஏற்றினால் வரும் அந்தக் கொழுப்பு மற்ற இரண்டிலும் எனக்கு அப்படியே கிடைக்கவில்லை. சிபியூவைத் தொந்தரவு செய்யாததில் அதுதான் முதலிடம். பழைய லேப்டாப்பில் எத்தனை வேண்டுமானாலும் திறக்கலாம். வைட்டல் இதில் நேர் எதிர். அந்தத் திரை அசைவுகளுக்குக் கிராஃபிக்ஸ் பக்கம் செலவாகிறது, தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் ஜன்னல் திறந்திருக்கும்வரை திணறல் தெரியும், மூடினால் சரியாகிவிடும். சீரம் நடுவில். சீரத்தின் தனிப் பலம் அதன் வேவ்டேபிள் எடிட்டர். அலையை ஹார்மோனிக் ஹார்மோனிக்காகப் பிரித்துத் திருத்த அதைவிட வசதியான இடம் எனக்குத் தெரியாது. வளைந்து உறுமும் டப்ஸ்டெப் பேஸ் போடுகிறவர் என்றால் நானே சீரம் பக்கம் கை காட்டுவேன். அதற்கான பாடங்களும் பிரீசெட்களும் அங்கேதான் குவிந்து கிடக்கின்றன. உருளும் பேஸுக்கு அந்த வசதிகளில் முக்கால்வாசி தேவைப்படுவதில்லை.

அனலாக் சாயல் சிந்துகளை ஏன் சேர்க்கவில்லை என்று சிலர் கேட்கலாம். யூ-ஹி நிறுவனத்தின் டைவாவை டெமோவில் மட்டுமே தொட்டிருக்கிறேன், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். ஒலி அருமை. ஆனால் பழைய அனலாக் கருவிகளின் ஒழுங்கின்மையையும் சேர்த்துப் பின்பற்றுவதுதான் அதன் நோக்கம். எனக்கு இந்த இடத்தில் வேண்டியது நேர் எதிரான ஒன்று. மெதுவான டெக்னோ பேஸுக்கு அந்த அலைச்சலே உயிர் கொடுக்கலாம். சர்ஜ் எக்ஸ்டி என்ற சிந்தும் இலவசம், ரீட்ரிக் பொத்தான் அதிலும் உண்டு, இலகுவாகவும் ஓடும். திரை மட்டும் ஒரே நெரிசல். வைட்டல் ஓடாத கணினிக்கு என் இரண்டாவது தேர்வு அதுதான்.

ரீஸ் பேஸ் போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பாதிதான் பொருந்தும். டெட்ராய்ட்டின் கெவின் சாண்டர்சன் 1988இல் ரீஸ் என்ற பெயரில் போட்ட பாட்டிலிருந்து வந்த ஒலி அது. கொஞ்சம் சுருதி பிரிந்த அலைகள் ஒன்றோடு ஒன்று உரசுவதுதான் அதன் அழகு, அதைப் பூட்டினால் ஒலியே போய்விடும். அங்கே அடியில் தனியாக ஒரு சைன் அலையை வைத்து அதை மட்டும் பூட்டி, உரசும் அலைகளில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை ஹைபாஸ் ஃபில்டரால் வெட்டிவிடலாம். சீரத்தில் இதற்கென்றே ஒரு சப் ஆசிலேட்டர் இருக்கிறது, எஃபெக்டுகளைத் தொடாமல் நேராக வெளியே அனுப்பவும் முடியும். வைட்டலில் மூன்று ஆசிலேட்டரில் ஒன்றை இதற்கு ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

வைட்டலில் எனக்கு இருக்கும் ஒரே உறுத்தல் பராமரிப்பு. புதிய பதிப்புகள் அரிதாகத்தான் வருகின்றன. மூல நிரல், யாரும் எடுத்துத் திருத்த அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தில் திறந்து கிடப்பதால் முற்றிலும் அநாதையாகிவிடாது என்று நினைக்கிறேன். வைட்டாலியம் என்று ஒரு கிளைப்பதிப்பும் ஏற்கெனவே இருக்கிறது. ஆனாலும் முடிந்த பாட்டின் பேஸை ஆடியோவாக எடுத்து வைக்காமல் புராஜெக்டை மூடுவதில்லை. சைலென்த்1 வைத்திருந்தாலும் அதையே செய்வேன்.

ஏற்கெனவே சீரமோ சைலென்த்1ஓ வாங்கி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மாற வேண்டியதில்லை. ராண்டமைப் பூஜ்யமாக்குங்கள், ரீட்ரிக்கை அழுத்துங்கள், பக்கத்தில் ஒரு இலவச ஆசிலோஸ்கோப்பைத் திறந்து வையுங்கள். இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், அந்தக் காசை 50 ஹெர்ட்ஸ் ஒழுங்காகக் கேட்கும் ஹெட்ஃபோனில் போடுங்கள்.