றிமோட் டாங்கிக்கு ஐமெக்ஸ் பி6 சார்ஜர்: மட்டக்களப்பில் வைத்துப் பாவிக்க எப்படி?

1:16 அளவு றிமோட் டாங்கி ஓடும் நேரம் குறைந்தால் எல்லோரும் பெரிய பற்றரிதான் தேடுவார்கள். முதலில் மாற்றவேண்டியது சார்ஜர். பழைய ஹெங் லோங் டாங்கிகளின் 7.2 வோல்ட் நிக்கல் பற்றரிக்குப் பெட்டியோடு வரும் சின்னச் சார்ஜரின் லேபலைப் பாருங்கள். 250 மில்லிஅம்பியர் என்றிருந்தால், 1800 மில்லிஅம்பியர்-மணி பற்றரி நிறைய ஒன்பது, பத்து மணித்தியாலம் போகும். இப்படியான சார்ஜர்கள் பெரும்பாலும் தானாக நிற்பதுமில்லை. இரவு முழுக்கச் செருகிக் கிடந்து சூடேறிச் சூடேறியே செல்கள் கெடுகின்றன.

பி6 அந்தக் குறையைத் தீர்க்கிறது. நிக்கல் பற்றரி நிறைந்ததும் வோல்டேஜ் உச்சிக்குப் போய்ச் சற்று இறங்கும். அந்த இறக்கத்தைக் கண்டுதான் இது நிற்கும். இறக்கம் தெளிவாகத் தெரிய 1800 பற்றரிக்கு 1 முதல் 1.8 அம்பியர் வேண்டும். மெதுவாக ஏற்றினால் நல்லது என்று 0.3 வைப்பவர்களுக்கு உச்சி பிடிபடாது. அதற்கு முன்பே, 120 நிமிடத்தில் பாதுகாப்பு டைமர் வெட்டிவிடும், பற்றரி பாதிகூட நிறைந்திராது. 1 அம்பியருக்கு டைமரை 150 ஆக்குங்கள்.

வயரை முதலில் சார்ஜரில் செருகி, பிறகுதான் பற்றரியில் கொழுவ வேண்டும். மாறிச் செய்தால் வெறும் முனைகள் இரண்டும் முட்டிப் பொறி பறக்கும்.

7.4 வோல்ட் லிப்போ (லிதியம் பொலிமர் பற்றரி) என்றால் மெனுவில் லிப்போ பேலன்ஸ், 2எஸ் (இரண்டு செல்) என்று வைத்து, பற்றரியின் வெள்ளை மூன்று பின் பேலன்ஸ் பிளக்கையும் சேர்த்துச் செருகுங்கள். நிக்கல் மெனுவில் லிப்போவை ஏற்றவே கூடாது, தீப்பிடிக்கும். நிக்கலுக்கென்று வந்த டாங்கியின் பழைய சர்க்யூட் போர்ட் லிப்போவைக் காக்காது, ஒரு செல் 3.5 வோல்ட்டுக்கு இறங்கினால் கத்தும் சின்ன அலாரம் ஒன்றைப் பேலன்ஸ் பிளக்கில் மாட்டுங்கள். கல்லடி மணலில் நின்ற இடத்தில் திருப்பும்போது மோட்டர் இழுக்கும் கரண்ட் மிக அதிகம். ஓட்டி முடிந்ததும் பற்றரியை டாங்கியோடு இணைக்கும் டாமியா பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வயரைவிடப் பிளக் சுட்டால் உள்ளே பின் தளர்ந்துவிட்டது, மாற்றுங்கள்.

கச்சான் காற்று வீசும் காலத்தில் ஓட்டிய சூட்டோடு ஏற்றாதீர்கள், அரை மணித்தியாலம் ஆறட்டும்.

நமக்குப் பெரிய வசதி, இது 12 வோல்ட்டில் வேலை செய்வது. மாரியில் கரண்ட் போனாலும் யூபிஎஸ் பற்றரி போதும். ஒருமுறை ஏற்ற ஏறக்குறைய 2 அம்பியர்-மணி எடுக்கும். 7 அம்பியர்-மணி பற்றரியில் ஒருமுறையோடு நிறுத்துவது அதற்கு நல்லது. வோல்டேஜ் விழுந்தால் திரையில் எச்சரிக்கை காட்டி நிற்கும்.

வாங்கும்போது இரண்டு விஷயம். சாதாரண பி6 நேரே சுவர்க் கரண்டில் ஓடாது, 12 வோல்ட் 5 அம்பியர் அடப்டர் தனியாக வேண்டும். பி6 தாங்கும் எல்லை 18 வோல்ட் என்பதால் 19 வோல்ட் லப்டொப் அடப்டரைக் கொடுக்காதீர்கள். போலிகளும் நிறைய. லிப்போ நிறைந்ததும் மல்டிமீட்டரில் ஒவ்வொரு செல்லையும் அளந்து பாருங்கள்: 4.20 இருக்கவேண்டும். 4.25ஐத் தாண்டினால் திருப்பிக் கொடுங்கள்.