ஆலப்புழாவுக்கு முதல் தடவையா? ஹவுஸ்போட் இருக்கட்டும், அரசு போட்டில் ஏறுங்கள்

ஆலப்புழா போகிறோம் என்று சொல்கிற யாரும் முதலில் கேட்பது ஹவுஸ்போட் வாடகையைத்தான். நான் சொல்கிற பதில் பாதிப் பேருக்குப் பிடிக்காது. முதல் தடவை என்றால் ஹவுஸ்போட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், கோட்டயத்திலிருந்து ஆலப்புழாவுக்குப் போகிற அரசு பயணிகள் போட்டில் ஏறிவிடுங்கள். கேரள நீர்ப் போக்குவரத்துத் துறை நடத்துவது. ஏறக்குறைய இரண்டரை மணி நேரம், நூறு ரூபாயை நீட்டினால் மீதி சில்லறை வரும்.

மதுரை, தேனி பக்கத்து ஆட்களுக்கு இது இன்னும் வசதி. குமுளி இறங்கி பஸ் பிடித்தால் கோட்டயம்தான் முதலில் வருகிறது, அங்கே கோடிமதா படகுத்துறையில் ஏறினால் நேரே ஆலப்புழா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். சென்னையிலிருந்து ஆலப்புழா எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் எதிர்த்திசையில் போகலாம், தப்பில்லை. ஆனால் என் ஓட்டு கோட்டயத்திலிருந்து கிளம்புவதற்குத்தான். ஏனென்றால் முதலில் ஒடுக்கமான தோடு (வாய்க்காலை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்), அப்புறம் வயல், கடைசியில் கரையே தெரியாத காயல் என்கிற உப்பங்கழி ஏரி என்று ஒவ்வொன்றாக விரிந்துகொண்டே போகும். எதிர்த்திசையில் வந்தால் எடுத்த எடுப்பிலேயே காயலைப் பார்த்துவிட்டு, பிறகு வருகிற வாய்க்காலைப் பார்க்கும்போது பாதிப் பேர் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

கோட்டயத்தை விட்டதும் வருகிற அந்த ஒடுக்கமான பகுதியில் தூங்கிவிடாதீர்கள். நடுவில் சின்னச் சின்ன தூக்குப்பாலங்கள் வரும். மோட்டார் கிடையாது, கரையில் நிற்கிற ஒரு ஆள் கயிற்றைப் பிடித்து இழுப்பார், பாலம் மேலே தூக்கிக்கொள்ளும், போட் மெதுவாக நுழைந்து போனதும் கயிற்றைத் தளர்த்திப் பழையபடி இறக்கிவிடுவார், சைக்கிளோடு காத்திருந்தவர்கள் ஒன்றும் நடக்காத மாதிரி கடந்து போவார்கள். போட்டுக்குள்ளேயும் பார்க்க விஷயம் இருக்கிறது. டிக்கெட் கொடுப்பவர் போட் மாஸ்டர், முன்னால் சக்கரம் பிடிப்பவர் ஸ்ராங்க், கீழே என்ஜின் பக்கத்தில் டிரைவர் தனி. ஸ்ராங்குக்கும் டிரைவருக்கும் நடுவில் பேச்சே கிடையாது, கயிற்றை இழுத்தால் மணி அடிக்கும், அந்த மணிக் கணக்கை வைத்து டிரைவர் வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். ஜெட்டி வந்ததும் லஸ்கர் என்கிற உதவியாள் வடத்தோடு கரைக்குத் தாவிக் கட்டையில் ஒரு சுற்று சுற்றுவார், ஆட்கள் இறங்கி ஏறியதும் அவிழ்த்துக்கொண்டு திரும்ப உள்ளே தாவிவிடுவார்.

அடுத்தது குட்டநாட்டு வயல். இங்கேதான் முதல் தடவை வருகிறவர்கள் கொஞ்சம் திகைத்துப் போவார்கள். போட் மேலே போகிறது, வயல் கீழே கிடக்கிறது! கடல்மட்டத்துக்கும் கீழே இருக்கிற நிலம் இது. சேற்றை அள்ளி வரப்பு எழுப்பி, உள்ளே இருந்த தண்ணீரை இறைத்து வெளியே தள்ளித்தான் இங்கே நெல் போடுகிறார்கள், இறைப்பதை நிறுத்தினால் காயல் திரும்ப உள்ளே வந்துவிடும். வழியில் வருகிற ஆர் பிளாக், சித்திரா எல்லாமே இப்படிக் காயலிலிருந்து மீட்டெடுத்த நிலங்கள்தான். சித்திரா, மார்த்தாண்டம், ராணி என்ற மூன்றையும் 1940களில் மீட்டது ஜோசப் முரிக்கன் என்ற விவசாயி, பெயர் வைத்தது திருவிதாங்கூர் ராஜ குடும்பத்தை நினைத்து. 2013இல் ஐநாவின் உணவு, வேளாண்மை அமைப்பு இந்தச் சாகுபடி முறையை உலக வேளாண் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பச்சை வேண்டுமென்றால் டிசம்பர், ஜனவரியில் வாருங்கள். மழைக்காலத்தில் பல வயல்கள் வெறும் தண்ணீராகத்தான் கிடக்கும், அதுவும் ஒரு அழகுதான் என்று சொல்லலாம், ஆனால் முதல் தடவை வருகிறவருக்கு எது வயல், எது காயல் என்றே பிடிபடாது.

குறையும் சொல்லிவிடுகிறேன். பயணிகள் போட்டில் டீசல் என்ஜின் சத்தம் இருக்கும், அதனால் என்ஜினை விட்டுத் தள்ளி முன்பக்கம் இடம் பிடியுங்கள். ஏசி கிடையாது. மழை வந்தால் தார்ப்பாயை இறக்கிவிடுவார்கள், அப்போது வெளியே ஒன்றும் தெரியாது. பெரிய தொல்லை ஆகாயத்தாமரை. காயலின் குறுக்கே இருக்கிற தண்ணீர்முக்கம் தடுப்பணையை அடைத்தால் உப்புநீர் உள்ளே வராது, நெல்லுக்கு நல்லது, ஆனால் உப்பில் செத்துப்போகிற ஆகாயத்தாமரைக்கும் அதுவே கொண்டாட்டமாகிவிடுகிறது. அது தோட்டை அடைத்துக்கொண்டாலோ, வழியில் பாலம் வேலை நடந்தாலோ போட் கோட்டயம் வரைக்கும் வராமல் காஞ்சிரம் படகுத்துறையோடு நின்றுவிடும். முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.

இன்னொன்று, இது ஊர்க்காரர்கள் தினமும் போய்வருகிற வண்டி. வாசலை அடைத்துக்கொண்டு செல்பி எடுக்காதீர்கள், இறங்குகிறவர்களுக்கு வழி வேண்டும். படித்துறையில் குளிக்கிறவர்களையும் துணி துவைக்கிறவர்களையும் படம் எடுக்கவே எடுக்காதீர்கள், அது அவர்கள் வீட்டுக் கொல்லைப்புறம்.

சரி, ஹவுஸ்போட் மேல் எனக்கு என்ன கோபம்? ஒன்றும் இல்லை. நெல் ஏற்றிப்போன கெட்டுவள்ளத்தின் வம்சம் அது, ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த படகு. ஆனால் நீங்கள் கொடுக்கிற காசில் பயணம் எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு ஏற்றுவார்கள், நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு நிறுத்தம், சாயங்காலம் ஐந்தரை வாக்கில் கட்டிப்போட்டுவிடுவார்கள், ஏனென்றால் அதற்கப்புறம் மீனவர்கள் வலை விரிக்கிற நேரம். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இறக்கிவிடுவார்கள். மீதி நேரமெல்லாம் மிதக்கிற லாட்ஜ்தான். குடும்பத்தோடு, வயசானவர்களோடு போனால் அது நல்ல ஓய்வு, மறுக்கவில்லை. போகிறவர்கள் படகை நேரில் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள், இரவு எங்கே கட்டுவார்கள், ஏசி நாள் முழுக்கவா இரவு மட்டுமா என்று கேட்டுவிடுங்கள். பஸ் ஸ்டாண்டிலேயே புரோக்கர்கள் சூழ்ந்துகொள்வார்கள், சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

போட் போகாத சின்னத் தோடுகளுக்குள்ளே நுழைய ஆசையா, மணிக்கணக்கில் வாடகைக்கு வருகிற ஷிகாரா என்கிற சின்னக் கூரைப் படகை எடுங்கள். கக்கா (மட்டி) எடுக்கிறவர்களைப் பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் படகுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தோணியில் நின்றபடி நீளக் கழியை அடியில் விட்டுச் சேற்றோடு மட்டியை அரித்து எடுப்பார்கள், பார்க்கச் சுலபமாகத் தெரிகிற முரட்டு வேலை. லைஃப் ஜாக்கெட் தராத படகில் ஏறாதீர்கள், கொள்ளளவுக்கு மேல் ஆள் ஏற்றினால் இறங்கிவிடுங்கள். 2023இல் தானூரில் கூட்டம் மிஞ்சிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள்.

கொல்லத்திலிருந்து ஆலப்புழாவுக்கு வருகிற எட்டு மணி நேரப் படகுப் பயணத்தைப் பற்றியும் கேட்பார்கள். எனக்குப் பிடிக்கும், ஆனால் முதல் தடவை வருகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன், மூன்றாவது மணி நேரத்திலேயே குழந்தைகள் "இன்னும் எவ்வளவு தூரம்" என்று ஆரம்பித்துவிடும். கோட்டயம் போட்டே போதும். காலை போட்டைப் பிடியுங்கள், வெயில் ஏறுவதற்குள் காயலைத் தாண்டிவிடலாம்.