பாலைவனப் புழுதி, சுமத்ரா புகை, நம்மூர் வடிகால்: பாசிக்கு எது தீனி?

பாசிக்கு வெயில் மட்டும் போதாது. பாஸ்பரஸ், நைட்ரஜன், இரும்பு எல்லாம் வேண்டும். இவை வானத்திலிருந்தும் வரும், தரை வழியாகவும் வரும். நம் சிங்கப்பூர் நீர்நிலைகளுக்கு எந்த வழி முக்கியம்?

தூரக் கணக்கில் பாலைவனப் புழுதியை மிஞ்ச ஆளில்லை. சகாராவிலிருந்து கிளம்பி அட்லாண்டிக்கைத் தாண்டி அமேசானில் ஆண்டுக்குச் சுமார் 2.77 கோடி டன் விழுகிறது, அதில் பாஸ்பரஸ் மட்டுமே 22,000 டன் என்று 2015ல் நாசா விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். ஃபுளோரிடா கடலில் இந்தப் புழுதியின் இரும்பைத் தின்று டிரைக்கோடெஸ்மியம் என்ற கடல் நுண்ணுயிர் பெருகுகிறது. அது காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து நீரில் சேர்க்க, மீனைக் கொல்லும் செம்பாசிக்கு விருந்து தயார். சரி, சிங்கப்பூருக்கு? ஆசியாவின் கோபிப் பாலைவனப் புழுதி பெரும்பாலும் கொரியா, ஜப்பான் பக்கம் போய்விடுகிறது. இந்தப் போட்டியாளரை இங்கேயே வழியனுப்பிவிடலாம்.

சுமத்ராக் காட்டுத்தீயின் புகைமூட்டம் அப்படியல்ல, வாசல் வரை வருகிறது. 2013 ஜூனில் காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்டதை யார் மறப்பார்? புகையிலும் சத்து உண்டு. ஆனால் அதுவே வெயிலையும் மறைக்கிறது, ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிறது. அதற்காக அலட்சியமாக இருக்க முடியாது. 1997ல் சுமத்ராவுக்கு மேற்கே மெந்தாவாய்த் தீவுகளில் பவளப்பாறைகள் கூட்டமாக மடிந்தன. காட்டுத்தீப் புகையிலிருந்து கடலில் விழுந்த இரும்பு செம்பாசியைப் பெருக்கியதுதான் காரணம் என்றது 2003ல் வந்த ஓர் ஆய்வு.

ஆனால் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இடையிலுள்ள ஜொகூர் நீரிணையில் 2014லும் 2015லும் பாசி பெருகிப் பண்ணை மீன்கள் செத்தபோது புகையைக் குற்றம் சொல்ல வழியில்லை. அவை பிப்ரவரி, மார்ச் வாக்கில் நடந்தவை; புகைமூட்டமோ பொதுவாக ஜூனுக்குப் பிறகு வருவது. நீரிணையின் குறுக்கே 1924 முதல் கடற்பாலம் நிற்கிறது, நீர் தாராளமாக ஓடுவதில்லை. இரு கரையிலிருந்தும் இறங்கும் சத்து அங்கேயே தேங்குகிறது.

நீர்த்தேக்கங்களிலும் வடிகாலுக்குத்தான் என் ஓட்டு. தீவின் மூன்றில் இரண்டு பங்கு மழைநீர் பிடிக்கும் நிலம். கழிவுநீர்க் குழாய் தனி என்பது பெரிய ஆறுதல்; ஆனாலும் சாலைத் தூசு, இலைச்சருகு, புல்வெளி உரம் எல்லாம் 17 நீர்த்தேக்கங்களை நோக்கித்தான் ஓடுகின்றன. மழைநீரை வழியிலேயே வடிகட்டும் செடிப்பாத்திகளுக்கும் மிதக்கும் ஈரநிலங்களுக்கும் செலவழிப்பது அதனால்தான் சரியாகப்படுகிறது. அப்புறம், புகைமூட்டம் கலைந்து பெய்யும் முதல் மழையை மட்டும் தனியாகச் சோதிக்கலாம். காற்றில் மிதந்ததும் தரையில் படிந்ததும் அன்று ஒன்றாக வந்து சேரும்.