கல்லறையைத் தேடிச் செல்பவர்களுக்கு ஃபைண்ட் எ கிரேவ் எந்த அளவுக்கு உதவுகிறது?

உறவினர் ஒருவர் அடக்கம் செய்யப்பட்ட கல்லறைத் தோட்டத்தின் பெயர் மட்டும் தெரிந்து, எந்த வரிசை, எந்தக் கல் என்பது தெரியாமல் தவிப்பவர்களுக்கு ஃபைண்ட் எ கிரேவ் இணையதளத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பிரபலங்களின் கல்லறைகளைப் பார்க்கச் செல்வதில் ஆர்வம் கொண்ட ஜிம் டிப்டன் 1995-இல் இதைத் தொடங்கினார். 2013-இல், குடும்ப வரலாற்றைத் தேட உதவும் ஆன்செஸ்ட்ரி நிறுவனம் இதை வாங்கியது. இன்று 20 கோடிக்கும் மேற்பட்ட கல்லறைப் பதிவுகள் உள்ள இத்தளத்தில் தேடுவதற்குக் கட்டணம் இல்லை.

எங்கள் பெரியப்பாவின் கல்லறை கடல் கடந்த ஊரொன்றில் இருப்பதால், இத்தளத்தில் நான் மிகவும் மதிப்பது புகைப்பட வேண்டுகோள் வசதியைத்தான். நாம் பதியும் வேண்டுகோள் அந்தத் தோட்டத்துக்கு அருகில் வசிக்கும் தன்னார்வலர்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் அதை ஏற்று, நேரில் சென்று, கல்லைத் தேடிப் படமெடுத்துப் பதிவேற்றுவார். முன்பின் அறியாத ஒருவர் நம் வீட்டுப் பெரியவரின் பெயரைத் தேடி வரிசை வரிசையாக நடக்கிறார் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். தேய்ந்த எழுத்தைப் படிப்பதற்காக அனுபவமுள்ளவர்கள் கல்லைச் சுரண்டுவதில்லை, நுரையும் பூசுவதில்லை. வெயில் பக்கவாட்டில் விழும் நேரம் பார்த்துப் படமெடுக்கிறார்கள். நேர் வெளிச்சத்தில் வெறும் கல்லாகத் தெரியும் இடத்தில், சாய்ந்த ஒளி விழும்போது தேய்ந்த எழுத்தின் பள்ளங்களில் நிழல் தங்கி, பெயரும் ஆண்டும் தெளிந்து வருகின்றன.

நேரில் போகிறவர்கள் இந்தப் படங்களைக் கைப்பேசியில் சேமித்துக்கொள்வது நல்லது. சில பதிவுகளில் இருக்கும் ஜிபிஎஸ் குறி பெரும்பாலும் சரியான பகுதிக்குக் கொண்டு சேர்க்கும். ஆனால் கைப்பேசியின் கணிப்பு சில மீட்டர் விலகக்கூடும் என்பதால், கற்கள் நெருக்கமாக நிற்கும் தோட்டத்தில் அதை மட்டும் நம்ப முடியாது. படத்தின் ஓரத்தில் தெரியும் பக்கத்துக் கல்லின் வடிவமோ, பின்னால் நிற்கும் மரமோதான் அங்கே சரியான அடையாளம்.

குறையும் உண்டு. விவரங்களைப் பதிபவர்கள் பொதுமக்கள் என்பதால், பாசி மறைத்த இலக்கம் தவறாகப் படிக்கப்பட்டுப் பிறந்த ஆண்டு மாறிவிடலாம். அதைவிட என்னை உறுத்துவது, குடும்பத்தினரின் சம்மதம் இல்லாமலேயே யாரும் ஒருவருக்கு நினைவுப் பக்கம் தொடங்கிவிடலாம் என்பது. இறப்புச் செய்தி உறவினர் எல்லாரையும் எட்டுவதற்கு முன்பே அன்னியர் ஒருவர் அதைப் பக்கமாக்கிவிட்டால், அந்த வேதனையை யாரால் ஈடுசெய்ய முடியும்? நான்கு தலைமுறைக்குள் வரும் நேரடி உறவினர் கேட்டால், பக்கத்தின் பொறுப்பை அவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற விதி ஓரளவு நியாயம் செய்கிறது. கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

நினைவுப் பக்கத்தில் மின்பூ, அதாவது திரையில் தெரியும் பூவின் படம், வைக்கும் வசதி, பயணம் செய்ய முடியாத முதியவர்களுக்குப் பயன்படலாம். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. நேரில் செல்ல முடிந்தவர்கள், பயணச்சீட்டு எடுக்கும் முன் கல்லறைத் தோட்ட அலுவலகத்துக்கு எழுதி, இத்தளத்தில் கண்ட பெயர், இறந்த தேதி, மனை எண் மூன்றையும் அவர்களுடைய அடக்கப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வாயிற்கதவு திறந்திருக்கும் நேரத்தையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.